பைத்தார் முதல் கால்நடை உதவியாளர் வரை: ஒரு தொழிற்கல்வியின் வரலாறு

தென்பெண்ணையாற்றின் தென்புறத்தே, கடலூரிலிருந்து பண்ணுருட்டி செல்லும் சாலையில் நெல்லிக்குப்பத்தை அடுத்து அமைந்திருப்பது மேல்பட்டாம்பாக்கம். கரும்பும் நெல்லும் விளையும் இப்பகுதியில் மாடு என்பது ஒரு காலத்தில் செல்வத்தின் மறுபெயராக மட்டும் இருக்கவில்லை. அதுவே போக்குவரத்தாகவும் இருந்தது. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் கட்டை வண்டிகள் இரவு முழுவதும் வரிசையாக நிற்பதை நாம் சிறு வயதில் கண்டிருக்கின்றோம். வண்டிக்காரர்கள் நுகத்தடியை இறக்கி, காளைகளுக்கு வைக்கோல் இட்டு, சக்கரத்தின் கீழே துணி விரித்துப் படுத்திருப்பர். அக்காளைகளில் ஒன்று நொண்டினால் ஒரு குடும்பத்தின் அந்தப் பருவத்து வருவாயே நொண்டும் என்பதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை.

அண்மையில் நம் ஊர்ப் பள்ளிவாசல் முற்றத்தில், அஸர்த் தொழுகைக்குப் பின்னர், கால்நடைப் பராமரிப்பு உதவியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவருடன் உரையாடும் வாய்ப்பு நேர்ந்தது. பல ஊர்களின் மருந்தகங்களில் பணி செய்தவர் அவர். தம் தொழிலைப் பற்றி அவர் சொன்ன சில சொற்களே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். “ஹஜ்ரத், முப்பது வருசத்துக்கு மேல மாட்டைப் பிடிச்சேன். எத்தனையோ டாக்டருங்க வந்தாங்க, மாறிப் போனாங்க. புதுசா வர்ற டாக்டருக்கு எந்த மாடு உதைக்கும், எப்படிச் சாய்க்கணும்னு நான்தான் காட்டுவேன். ஆனா என்னை உக்கார வெச்சு யாரும் ஒண்ணும் சொல்லிக் கொடுத்ததில்லை. எல்லாம் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்” என்றார். அவரிடம் கசப்பு இல்லை. எனினும் அவர் சொன்னது நம் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பிற்று. வாய் பேசாத உயிரின் மீது கை வைக்க உரியவர் யார்? அவருக்கு அக்கல்வியை அளிக்கும் கடமை யாருடையது? கீழ்ப்படியில் நிற்பவர் மேற்படிக்கு ஏற வழியிருந்ததா? இவ்வினாக்கள் புதியவை அல்ல. அரபி மூலநூல்களிலும் நம் கடற்கரையின் வரலாற்றிலும் இவற்றிற்கு நெடிய பின்னணி உண்டு. அதனைச் சுருக்கமாக நோக்குவோம்.

மஃபரில் மறைக்கப்பட்ட கல்வி

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரையை அரபியர் ‘மஃபர்’ என வழங்கினர். பாண்டியரின் படைகளுக்கு வேண்டிய குதிரைகள் ஹுர்முஸ், கைஸ், ழஃபார், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து கப்பலேறி வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இவ்வணிகத்தை விரித்துரைத்துள்ளார். கைஸ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் குதிரைகளை அனுப்பியதும், அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டியர் அவையில் உயர்நிலை பெற்றிருந்ததும் நம் எழுத்தாளர்கள் பெருமிதத்துடன் அடிக்கடி எடுத்தாளும் செய்திகளாகும்.

ஆயின், அதே காலத்தில் இக்கடற்கரைக்கு வந்த வெனிசுப் பயணி மார்க்கோ போலோ பதிவு செய்துள்ள மற்றொரு செய்தி அத்துணை எடுத்தாளப்படுவதில்லை. இந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகின்றார். மன்னரின் சகோதரரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை. குதிரையைப் பேணும் முறையை இந்நாட்டவர் அறியாததும், இங்கே குதிரை மருத்துவர் இல்லாததுமே காரணம் என்பது அவர் கூற்று. அதனினும் கடுமையானது அடுத்த குறிப்பு. குதிரை வணிகர் தம்முடன் மருத்துவரை அழைத்து வருவதில்லை என்பதோடு, எந்த மருத்துவரும் இங்கு வந்து சேராதவாறு தடுத்தும் வந்தனராம். குதிரைகள் சாகச் சாகவே விற்பனை வளரும் அன்றோ!

பயணியரின் எண்களை அப்படியே கொள்ளல் தகாது. இந்நாட்டின் வெப்பமும் ஈரமும், குதிரைக்கு ஒவ்வாத தீனியும் அவற்றின் சாவுக்குப் பெரும் பங்காற்றியிருக்கும். எனினும் அவர் சுட்டும் அடிப்படைச் செய்தி ஐயத்திற்குரியதன்று: உயிர் இறக்குமதி ஆயிற்று, அதனைக் காக்கும் கல்வி இறக்குமதி ஆகவில்லை. நம் முன்னோரின் கடல்வணிகப் பெருமையைப் பேசுங்கால் இக்குறிப்பை விட்டுவிடுதல் நேர்மையாகாது. அவ்வணிகருட் பெரும்பாலோர் நம்மவரே. அவர்கள் புறப்பட்டு வந்த நாடுகளிலோ கால்நடை மருத்துவம் அக்காலத்தில் மிக உயர்ந்த நிலையை எய்தியிருந்தது என்பதே இதிலுள்ள பெரும் முரண்.

பைத்தாரும் அவர் நூல்களும்

அரபியில் கால்நடை மருத்துவத்திற்குப் ‘பைத்தரா’ என்றும், மருத்துவருக்குப் ‘பைத்தார்’ என்றும் பெயர். குதிரை மருத்துவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து இது வந்ததென்பது மொழியறிஞர் பொதுவாக ஏற்கும் கருத்து. மூலிகை நூலால் உலகப் புகழ் பெற்ற ஆந்தலூசிய அறிஞர் இப்னுல் பைத்தார் (மறைவு கி.பி. 1248) என்பாரின் பெயருக்கே ‘கால்நடை மருத்துவரின் மகன்’ என்பதுதான் பொருள். ஒரு பெரும் அறிஞர் அப்பெயராலேயே வழங்கப்பட்டார் எனில், அத்தொழிலை அச்சமூகம் இழிவாகக் கருதவில்லை என்பது தெளிவு.

அப்பாஸியக் கலீஃபா முஃதளிதின் (ஆட்சி கி.பி. 892–902) குதிரை லாயத்தின் தலைவராக விளங்கிய முஹம்மது இப்னு யஃகூப், இப்னு அகீ ஹிஸாம் என அறியப்படுபவர். குதிரையேற்றத்தையும் கால்நடை மருத்துவத்தையும் இணைத்து அவர் இயற்றிய நூல் பல நூற்றாண்டுகள் படியெடுக்கப்பட்டது. எகிப்தின் மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மது இப்னு கலாவூனின் லாயத்தில் தலைமைப் பைத்தாராக இருந்த அபூபக்ர் இப்னு பத்ர், 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘காமிலுஸ் ஸினாஅத்தைன்’ என்னும் பெருநூலை எழுதினார். சுல்தானின் பெயரால் அது ‘அந்நாஸிரீ’ என்றும் வழங்கப்படுகின்றது. இவருடைய தந்தையாரும் லாயத்துப் பைத்தாரே. தந்தையின் கைத்திறனைக் கண்டு பயின்ற மகன் அதனை நூலாக்கினார் என்பது நாம் ஆய்ந்து கொண்டிருக்கும் பொருளுக்கு மிகவும் இன்றியமையாத குறிப்பாகும். கையால் கற்றதை ஏட்டில் ஏற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. நம் தமிழிலும் மாட்டு வாகடம், குதிரை வாகடம் எனச் சுவடிகள் உள. அவற்றிற்கும் பின்னே பெயர் தெரியாத எத்தனையோ மாட்டு வைத்தியரின் கைகள் உள.

முஹ்தஸிபின் தேர்வு

கல்வி இருந்தால் மட்டும் போதாது. கல்லாதவன் கை வைப்பதைத் தடுக்கவும் வேண்டும். இப்பொறுப்பை இஸ்லாமிய நகரங்களில் ஏற்றிருந்தவர் ‘முஹ்தஸிப்’ எனப்படும் அங்காடி மேற்பார்வையாளர். அவருக்கென எழுதப்பட்ட கையேடுகளுள் 12ஆம் நூற்றாண்டினரான அஷ்ஷைஸரீயின் நூல் குறிப்பிடத்தக்கது. ரொட்டி சுடுவோர், மருந்து விற்போர், கண் மருத்துவர் என ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் அத்தியாயம் வகுத்த அவர், பைத்தார்களுக்கும் தனி அத்தியாயம் வகுத்தார். மனிதருக்கு மருத்துவம் செய்வதைக் காட்டிலும் கால்நடைக்குச் செய்வது கடினம். ஏனெனில் தன் வலியைச் சொல்லும் நாவு அதற்கில்லை என்பது அவர் தரும் விளக்கம். ஆதலின் நோயை அறியும் கூர்மை பைத்தாருக்கு வேண்டும். அது இல்லாமல் குருதி வாங்குதல், அறுத்தல், சூடிடுதல் முதலியவற்றில் துணிந்து இறங்குபவன் விலங்கைக் கொன்றுவிடுவான் அல்லது முடமாக்கிவிடுவான் என்றும் அவர் எச்சரிக்கின்றார்.

ஃபிக்ஹு நூலோரும் இதனை விட்டுவைக்கவில்லை. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேருமாயின் அவரே ஈடு செய்யும் பொறுப்பாளர் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூது முதலிய தொகுப்புகளில் காணக்கிடக்கின்றது. ஹனஃபி மத்ஹபின் ‘ஹிதாயா’ நூலில், மனிதருக்குக் குருதி வாங்குபவரோடு சேர்த்து, விலங்குக்குக் கீறிக் குருதி வாங்கும் ‘பஸ்ஸாக்’ என்பவரும் பேசப்படுகின்றார். வழக்கமான இடத்தைக் கடவாமல் செய்திருப்பின் அவர் மீது ஈட்டுப் பொறுப்பு இல்லை என்பது சட்டம். திறன் அறியப்பட்டிருத்தல், எல்லை கடவாதிருத்தல் என்னும் இரண்டே இதன் சாரம். கீழ்நிலைப் பணியாளர் என்பதற்காக ஒருவரை இச்சட்டம் விலக்கவுமில்லை. பெயர் பெற்றவர் என்பதற்காக ஒருவரைத் தப்பவிடவுமில்லை. இவ்விரு அளவுகோல்களையும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இவற்றிற்குத் திரும்புவோம்.

லியோன், ராஷீத், வேப்பேரி

லாயத்திலிருந்து பள்ளிக்கூடத்திற்கு இக்கல்வி இடம் பெயர்ந்தது 18ஆம் நூற்றாண்டில். ஐரோப்பாவில் மாடுகளைக் கூட்டங்கூட்டமாக அழித்த வெக்கை நோயே அதற்குப் பெருங்காரணம். பிரான்சு நாட்டின் லியோன் நகரில் குளோத் பூர்ஷெலா என்பவர் 1761இல் அரசாணை பெற்று உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவினார். அங்கிருந்து இக்கல்வி முறை பிற நாடுகளுக்குப் பரவிற்று. எகிப்தில் முஹம்மது அலியின் ஆட்சியில், ஹமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1820களின் இறுதியில் ராஷீத் நகரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அது கெய்ரோவுக்கு அண்மையிலுள்ள அபூ ஸஅபலுக்கு மாறியது. கெய்ரோ மருத்துவப் பள்ளியின் தலைவராயிருந்த பெர்ரோன் என்பாரே 1850களில் ‘அந்நாஸிரீ’ நூலைப் பிரெஞ்சில் பெயர்த்து வெளியிட்டார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பைத்தாரின் மகன் எழுதியது இவ்வாறு ஐரோப்பிய வாசகருக்குக் கிட்டியது.

நம் நாட்டில் குதிரை மருத்துவர் ‘சலோத்ரி’ எனப்பட்டார். பண்டைய அசுவ நூலாசிரியர் சாலிஹோத்திரரின் பெயர் திரிந்து உருதுவில் வழங்கிய சொல் இது. படைக் குதிரைகளுக்கு அவர்கள் போதும் என்றிருந்த அரசு, உழவனின் மாடுகளைப் பற்றிக் கவலை கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. சென்னை மாகாணத்தில் கால்நடை நோய்ச் சட்டம் 1866இல் இயற்றப்பட்டது. இந்தியக் கால்நடைக் கொள்ளை நோய்களை ஆராய அமைந்த ஆணையத்தின் அறிக்கை 1871இல் வெளிவந்தது. 1876இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளியில் கால்நடை நோய்களும் கற்பிக்கப்பட்டன. லாகூரில் 1882இலும், பம்பாயில் 1886இலும், கல்கத்தாவில் 1893இலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. சென்னைக்கு அந்நற்பேறு 1903இல் வாய்த்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள், வேப்பேரியில் டாபின் ஹால் என்னும் கட்டடத்தில், இருபது மாணவர்களுடன் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. மூன்றாண்டுப் படிப்பு, முடிவில் ஒரு பட்டயம். 1930களின் நடுவில் அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பட்டப்படிப்பை அளிக்கலாயிற்று. இந்தியாவில் பல்கலைக்கழகத்துடன் இணைந்த முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இதுவே. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது, இந்தியாவில் இத்துறைக்கென அமைந்த முதல் பல்கலைக்கழகம் என்னும் சிறப்பும் தமிழகத்திற்கே கிட்டியது.

‘உதவி’ என்னும் சொல் ஏறிய ஏணி

இங்கே ஒரு சொல்லின் வரலாற்றைச் சற்று நின்று கவனித்தல் வேண்டும். வேப்பேரியில் மூன்றாண்டு பயின்று வெளிவந்த அக்கால இளைஞர் எப்பெயரால் பணியமர்த்தப்பட்டார்? ‘வெட்டரினரி அசிஸ்டென்ட்’, அதாவது கால்நடை உதவியாளர் என்னும் பெயராலேயே. அவருக்கு மேலே, இங்கிலாந்தில் பயின்ற வெள்ளை அதிகாரிகள் இருந்தனர். மாட்டின் அருகே நின்றவர் இந்திய உதவியாளர். மேசையருகே அமர்ந்தவர் ஆங்கில மேலாளர். காலப்போக்கில் பட்டயம் பட்டமாயிற்று. ‘உதவியாளர்’ என்பதும் ‘உதவி மருத்துவர்’ என்றாயிற்று. இன்று ஐந்தரை ஆண்டுகள் பயின்று பட்டம் பெற்று அரசுப் பணியில் சேரும் மருத்துவரின் பதவிப் பெயர் கால்நடை உதவி மருத்துவர் என்பதே. ஒரு நூற்றாண்டுக்கு முன்னைய தாழ்வின் தழும்பு அப்பெயரில் இன்னும் எஞ்சியுள்ளது.

உதவியாளர் மேலேறியபோது அவர் விட்டுச் சென்ற இடம் வெறுமையாகவில்லை. மருந்து கலக்கும் கம்பவுண்டரும், மாட்டைப் பிடிக்கும் ஆளும் அங்கு நின்றனர். விடுதலைக்குப் பின் முதலாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஆதார கிராமத் திட்டம் வந்தது. செயற்கை முறைக் கருவூட்டலை ஊரூராகக் கொண்டு செல்லப் பட்டதாரி மருத்துவர்கள் போதவில்லை. குறுகிய காலப் பயிற்சி பெற்ற கால்நடை மேற்பணியாளர் பலர் தேவைப்பட்டனர். 1964 முதல் தீவிரக் கால்நடை வளர்ச்சித் திட்டம் அத்தேவையை மேலும் பெருக்கிற்று. தமிழ்நாட்டில் பதினொரு மாதப் பயிற்சி அளித்துக் கால்நடை ஆய்வாளரை நியமிக்கும் முறை நெடுங்காலம் நடைபெற்றது. கால்நடைக் கிளை நிலையங்கள் பலவற்றில் உழவன் கண்ட ‘டாக்டர்’ அந்த ஆய்வாளரே. அவருக்கும் கீழே, மருந்தகத்தின் கதவைத் திறப்பவராய், கருவிகளைக் கொதிக்க வைப்பவராய், மாட்டை இரும்புச் சட்டத்துள் நிறுத்திப் பிணைப்பவராய்க் கால்நடைப் பராமரிப்பு உதவியாளர் இருந்தார். நம் முதியவர் இருந்த படி அதுவே.

வெக்கை நோயை வென்ற கைகள்

இக்கீழ்ப்படிகளின் மதிப்பை அறிய வேண்டுமாயின் வெக்கை நோய் ஒழிப்பின் வரலாற்றைப் பார்த்தால் போதும். காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், சில நாட்களில் சாவு என நடந்த அந்நோய் புகுந்த ஊரில் ஏர் நின்றது. முக்தேசுவரத்து ஆய்வகத்தில் 1920களில் எட்வர்ட்ஸ் என்பார் அந்நோய்க் கிருமியை வெள்ளாடுகளின் உடல்வழியே தொடர்ந்து செலுத்தி, அதன் கடுமையைத் தணித்து, தடுப்பூசிக்கு வழி கண்டார். சென்னை மாகாணத்தில் 1932இல் இராணிப்பேட்டையில் ஊநீர் நிலையம் நிறுவப்பெற்றது. இன்று அது கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமாக விளங்குகின்றது. 1954இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று.

மருந்தைக் கண்டவர் அறிவியலறிஞர், திட்டமிட்டவர் அதிகாரி. ஆனால் கோடிக்கணக்கான மாடுகளின் தோலில் ஊசியைச் செலுத்தியவர் யார்? அவற்றின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவர் யார்? மருந்துப் பெட்டியைப் பனிக்கட்டி உருகுவதற்குள் மிதிவண்டியில் சுமந்து சென்றவர் யார்? ஊசிக்கு அஞ்சி மாட்டை ஓட்டிச் சென்ற உழவனை ஆற்றங்கரையில் நிறுத்தி அமைதியாகப் பேசி இணங்க வைத்தவர் யார்? 1995இல் தமிழ்நாட்டில் பதிவானதே இந்தியாவின் கடைசி வெக்கை நோய்த் தாக்குதல். 2006இல் இந்தியா அந்நோயற்ற நாடென அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகம் முழுவதிலுமிருந்து அந்நோய் ஒழிந்ததாக அறிவிப்பு வெளிவந்தது. மனிதரின் பெரியம்மைக்குப் பின் முற்றாக ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இது.

ஆப்பிரிக்காவில் இவ்வரலாறு இன்னும் தெளிவான பாடத்தைத் தருகின்றது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் நாடோடி இடையர் வாழ்கின்றனர், அவர்கள் முஸ்லிம்கள். அரசின் தடுப்பூசிக் குழுக்கள் அங்குப் பல ஆண்டுகள் முயன்றும் நோய் நீங்கவில்லை. ஜெஃப்ரி மரைனர் முதலியோர் வெப்பத்தைத் தாங்கும் தடுப்பூசியை உருவாக்கிய பின்னர், 1990களில் அவ்விடையர்களிலேயே சிலரைத் தேர்ந்து குறுகிய காலப் பயிற்சியளித்து ஊசியை அவர்களிடமே ஒப்படைத்தனர். தம் மந்தை எங்கு மேயும், எந்த நேரத்தில் நீர் அருந்த வரும் என்பது அவர்களுக்கன்றோ தெரியும்! நோய் அப்பகுதியை விட்டு நீங்கிற்று. மஃபரில் கல்வியை மறைத்ததன் விளைவையும், அஃபாரில் கல்வியைப் பகிர்ந்ததன் விளைவையும் அருகருகே வைத்து நோக்கின் வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

சட்டமும் இன்றைய படிநிலையும்

இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984இல் இயற்றப்பட்டது. பதிவு பெற்ற மருத்துவரே கால்நடை மருத்துவம் செய்யலாம் என்பது அதன் பொது விதி. அதன் 30ஆம் பிரிவு ஒரு விலக்கையும் வழங்குகின்றது. கால்நடை மேற்பார்வையாளர், மேற்பணியாளர் முதலியோருக்குரிய பட்டயமோ சான்றிதழோ உடையவர், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டலிலும், சிறு மருத்துவப் பணிகளைச் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். முன்னர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டிய இரு அளவுகோல்கள் இங்கே மீண்டும் வருகின்றன. சான்றிதழ் என்பது திறன் அறியப்பட்டமை. சிறு பணி என்பது எல்லை கடவாமை. ஹிதாயா ஆசிரியரும் இந்திய நாடாளுமன்றமும் தத்தம் வழியில் ஒரே இடத்தை அடைந்துள்ளமை வியப்புக்குரியது.

சட்டம் எல்லையை வகுத்துவிட்டது. ஆனால் எல்லைக்குள்ளே நிற்பவருக்குக் கல்வி கிட்டுகின்றதா என்பது வேறு வினா. சிறு பணி என்பது பெயரில்தான் சிறியது. மாட்டின் உடல் வெப்பம் ஏறத்தாழ 101.5 பாரன்ஹீட் பாகை என்பதை அறிந்து, அதனின் ஏற்றத்தைக் கண்டு மருத்துவரை அழைப்பது ஒரு திறன். தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் காத்தல் மற்றொரு திறன். அதில் தவறினால் ஊசி வெறும் நீராகிவிடும், தவறு எவர் கண்ணுக்கும் தெரியாது. கழிக்கு 196 பாகை குளிரில், திரவ நைட்ரசனில் உறைந்திருக்கும் விந்துக் குழலை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் உரிய நொடிகள் மட்டும் வைத்து, சினைப் பருவத்தின் உரிய நேரத்தில் செலுத்துவது இன்னொரு திறன். நேரம் தவறினால் உழவன் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். கன்று குறுக்கே கிடக்கும்போது கயிற்றை எப்போது இழுக்கலாம், எப்போது இழுக்கக் கூடாது என்பதை அறிவதோ அனைத்திலும் அரிய திறன்.

இத்திறன்களைப் படிப்படியாகக் கற்பிக்கவும், கற்றதைச் சோதித்துச் சான்றளிக்கவும், சான்று பெற்றவரை அடுத்த படிக்கு உயர்த்தவும் ஓர் ஏணி வேண்டும். நம் மத்ரஸாக்களில் ‘இஜாஸா’ என்னும் முறை உண்டு. ஒரு நூலை ஆசிரியரிடம் ஓதி முடித்தவருக்கு, அந்த நூலை மட்டும் கற்பிக்க அனுமதி வழங்கப்படும். ஒரு நூலுக்குரிய இஜாஸா மறு நூலுக்குச் செல்லாது. ஆயின் ஒன்றைப் பெற்றவர் அடுத்ததை நாடி வருவதை எவரும் தடுப்பதில்லை. கால்நடை உதவியாளரின் கல்விக்கும் இதுவே பொருத்தமான முறை என நாம் கருதுகின்றோம். மாட்டைக் கட்டுப்படுத்தவும் கருவியைத் தூய்மை செய்யவும் முதற் சான்று, தடுப்பூசிக்கு அடுத்தது, கருவூட்டலுக்கு அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் எல்லை தெளிவாயிருக்கும்.

இத்திசையில் சில முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. 2014இல் தொடங்கிய இராஷ்ட்ரிய கோகுல் திட்டத்தின் கீழ், ஊரக இளைஞருக்கு ஒரு மாத வகுப்பும் இரண்டு மாதக் களப்பயிற்சியும் அளித்து ‘மைத்ரி’ என்னும் பெயரில் கருவூட்டல் பணியாளராக்குகின்றனர். கடலூரிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம் கால்நடை வளர்ப்போருக்குப் பயிற்சிகளை நடத்துகின்றது. ஆனால் மூன்று மாதப் பயிற்சி பெற்றவர் பத்தாண்டுகள் களத்தில் திறம்பட உழைத்த பின்னர் எந்தப் படிக்கு ஏறுவார்? பராமரிப்பு உதவியாளராய் முப்பதாண்டு நின்றவரின் கைத்திறனை அளந்து சான்றளிக்கும் தேர்வு எங்கே? கருவூட்டலுக்கு ஆள் சேர்க்கும் ஆர்வத்தில், நோயறியும் கல்வி பின்தள்ளப்படுகின்றதோ என்னும் ஐயமும் எழுகின்றது.

மருத்துவர் தரப்பின் அச்சத்தையும் நாம் புறக்கணிக்கலாகாது. அரைகுறைப் பயிற்சி பெற்றவர் எல்லை கடந்து நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கண்டபடி செலுத்தினால், மாட்டுக்கும் தீங்கு. அதன் பாலைப் பருகும் குழந்தைக்கும் தீங்கு. அஷ்ஷைஸரீ எச்சரித்ததும் இத்தகையோரைப் பற்றித்தான். எனினும் அவ்வச்சத்திற்கு மருந்து கல்வியை மறுப்பதன்று. கல்வியை மறுத்தால் அந்த இடத்தில் அறியாமை அமர்ந்து ஊசி போடும். 1976இல் தேசிய வேளாண்மை ஆணையம் ஐயாயிரம் மாட்டினத்திற்கு ஒரு மருத்துவர் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 95 இலட்சம் மாடுகளும் 99 இலட்சம் வெள்ளாடுகளும் உள்ளன. நள்ளிரவில் கன்று ஈனும் ஒவ்வொரு மாட்டின் அருகிலும் பட்டதாரி மருத்துவர் நிற்பார் என எதிர்பார்ப்பது இயலாத ஒன்று. அங்கு நிற்கப்போகும் மனிதர் கற்றவராய் இருப்பாரா, கல்லாதவராய் இருப்பாரா என்பதே நம் முன் உள்ள தேர்வு.

முடிவுரை

பள்ளிவாசல் முற்றத்து உரையாடலின் இறுதியில் அம்முதியவரிடம் ஒன்று கேட்டோம்: “நீங்கள் கற்றதை யாருக்காவது சொல்லிக் கொடுத்தீர்களா?” அவர் சற்று யோசித்தார். “யாரு கேட்டாங்க ஹஜ்ரத்? என் பேரன் கேட்டான். டவுனுக்குப் படிக்கப் போயிட்டான்” என்றார். பின்னர், கன்றின் தலை பின்னோக்கி மடிந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை, தம் இரு கைகளையே கன்றாகவும் கருப்பையாகவும் வைத்து எமக்கு விளக்கினார். மாடு முக்கும்போது இழுக்கக் கூடாது, அது மூச்சு விடும்போது கன்றை உள்ளே சற்றுத் தள்ளி, தலையை நேராக்கிய பின்னரே முன்னங்கால்களில் கயிறிட வேண்டும் என்றார். வகுப்பறையில் முப்பதாண்டுகளாகப் பாடம் நடத்தும் நாம், அத்துணைத் தெளிவான பாடத்தை அரிதாகவே கேட்டிருக்கின்றோம்.

அபூபக்ர் இப்னு பத்ரின் தந்தையார் கற்றது மகன் எழுதியதால் நமக்குக் கிடைத்தது. நம் மாவட்டத்தின் மருந்தகங்களிலும் கிளை நிலையங்களிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற உதவியாளர்களும் ஆய்வாளர்களும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் அமர்ந்து கேட்டுப் பதிவு செய்ய முன்வரும் மாணவர்களுக்கு எம்மாலான உதவியைச் செய்ய நாம் அணியமாயுள்ளோம். அப்பதிவுகளைத் துறை வல்லுநர் சோதித்து, தவறானவற்றை நீக்கிச் சரியானவற்றைப் பயிற்சிப் பாடமாக்கினால், இப்போது அப்படியில் நிற்கும் இளைஞருக்கேனும் ஒரு படி உயர வழி பிறக்கும். வல்ல இறைவன் அதற்குத் துணை புரிவானாக.